சுண்ணாம்புச் சத்து திரும்பிய காடு: ஹப்பர்ட் புரூக் மண்ணில் நுண்ணுயிர்கள் செய்தது என்ன?

அமில மழை பெய்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும், சருகு மக்காமல் தேங்கும். சுண்ணாம்பு போட்டால் அவை மீண்டு வரும், மண் பழையபடி வேலை செய்யும். சுற்றுச்சூழல் பாடங்களில் இந்த விஷயம் பெரும்பாலும் இந்த இரண்டு வரிக்குள் முடிந்துவிடுகிறது. முதல் வரியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவது வரியை ஒரு முழு மலைச்சரிவிலேயே, பல ஆண்டுகள் விடாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த விடை பாடத்தோடு ஒத்துப்போகவில்லை. முதல் சில ஆண்டுகளில் நுண்ணுயிர்களின் வேலை கூடவில்லை, குறைந்தது. பத்தாண்டு கழிந்தபின், அதே மண்ணிலிருந்து நைட்ரஜன் ஓடையில் கொட்டத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு திருப்பங்களையும் பற்றியது.

இடமும் பின்னணியும்

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வொயிட் மலைகளில் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காடு இருக்கிறது. 1955-இல் அமெரிக்க வனத்துறை நீரியல் ஆய்வுக்காக ஒதுக்கிய இடம். 1963-இல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன், நோய் ஜான்சன், ராபர்ட் பியர்ஸ் ஆகிய நால்வர் இங்கே ஓடைநீரின் வேதியியலை அளக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வாய்த்த வசதி நிலத்தின் அமைப்பு. சிறுசிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அடியில் கெட்டிப் பாறை என்பதால் ஆழத்தில் கசிந்து மறையும் நீர் மிகக் குறைவு. ஒவ்வொரு பகுதியின் அடிவாரத்திலும் ஒரு சிறு அளவணை. மழையாகவும் பனியாகவும் உள்ளே வருவதை மேலே அளக்கலாம், ஓடையாக வெளியே போவதைக் கீழே அளக்கலாம். காடு எதை வைத்துக்கொண்டது, எதை இழந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அசுத்தம் கலக்காத மழையின் கார அமில நிலை (pH) 5.6-ஐ ஒட்டி இருக்கும். 1963-இல் அங்கே பிடித்த மழைநீரில் 3.7 அளவுக்குப் பதிவானது. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், இது நூறு மடங்கை நெருங்கும் வித்தியாசம். பக்கத்தில் பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லை. மேற்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள் உமிழ்ந்த கந்தக டை ஆக்சைடும், அவற்றோடு வாகனங்களும் சேர்ந்து உமிழ்ந்த நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் வந்து, கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் இந்த மலையில் இறங்கின. இதை 1972-லும் 1974-லும் கட்டுரைகளாக வெளியிட்டபோதுதான் வட அமெரிக்காவில் அமில மழை பொதுப்பேச்சானது. 1990-இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு 2 கோடி டன்னுக்கு மேலிருந்த அமெரிக்காவின் கந்தக டை ஆக்சைடு உமிழ்வு, 2020-க்குள் 20 லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. சுற்றுச்சூழல் சட்டங்களில் இப்படி எண்ணில் காட்டக்கூடிய வெற்றிகள் குறைவு.

மழை தேறியது. ஓடை அதே வேகத்தில் தேறவில்லை. 1996-இல் லைக்கன்ஸ், சார்லஸ் டிரிஸ்கால், டொனால்ட் பூசோ மூவரும் காரணத்தைச் சொன்னார்கள்: பல பத்தாண்டு அமிலம் மண்ணிலிருந்த கால்சியத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. கிணற்றில் ஊறுவதைவிட இறைப்பது அதிகமானால் என்ன ஆகுமோ அதுதான் நடந்திருந்தது. பாறை கரைந்து கால்சியம் ஊறும் வேகம் மிக மெல்லியது, அமிலம் அதை இறைத்த வேகம் அதைவிட அதிகம். மழை சுத்தமானாலும் சேமிப்பு திரும்பிவிடவில்லை.

மண்ணுக்குள் அமிலம் செய்யும் வேலை

களிமண் துகளும் இலைமக்கும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகள் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அமில மழையின் ஹைட்ரஜன் அயனிகள் அவற்றைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கின்றன. தள்ளப்பட்டவற்றைச் சல்பேட்டும் நைட்ரேட்டும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போகின்றன. கார அமில நிலை மேலும் இறங்கும்போது, அதுவரை தாதுக்களில் அடங்கிக் கிடந்த அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. வேர்நுனிக்கும் ஓடை மீனுக்கும் மட்டுமல்லாமல், நுண்ணுயிர்களுக்கும் இது நஞ்சு. பாஸ்பரஸையும் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நுண்ணுயிர்கள் எல்லாம் இதற்கு ஒரேமாதிரி வளைந்துகொடுப்பதில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரே வயலுக்குள் கார அமில நிலை 8-இலிருந்து 4 வரை படிப்படியாக இறங்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. 2009-இல் அங்கே அளந்தபோது, நிலை 8-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 4.5 வரை வரும்போது பாக்டீரியாக்களின் வளர்ச்சி ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. பூஞ்சைகளின் வளர்ச்சி ஏறக்குறைய ஐந்து மடங்கானது. 4.5-க்குக் கீழே இரண்டுமே சரிந்தன. ஆக, அமிலம் என்றால் உடனே ‘சாவு’ என்று எழுதுவது அவசரம். ஒரு கட்டம்வரை நடப்பது ஆட்சி மாற்றம். பாக்டீரியா பின்வாங்க, பூஞ்சை முன்னே வருகிறது.

நைட்ரஜன் சுழற்சியில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். சருகிலுள்ள புரதத்தை உடைத்து அம்மோனியமாக்குவது பலவகை நுண்ணுயிர்களால் முடிகிற வேலை, ஒன்று போனால் இன்னொன்று செய்யும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது சில குறிப்பிட்ட பாக்டீரியாக்களும், பாக்டீரியாபோலத் தோன்றினாலும் தனி வகையான ஆர்க்கியா நுண்ணுயிர்களும் மட்டுமே செய்யும் வேலை. அவை பயன்படுத்துவது பெரும்பாலும் அம்மோனியா வடிவத்தை. அமில மண்ணிலோ கிட்டத்தட்ட அத்தனையும் ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு அம்மோனியமாக மாறிவிடுகிறது, எடுத்துக்கொள்ளத்தக்க வடிவம் மிகச் சொற்பம். இதனால் அமில மண்ணில் நைட்ரேட்டாக்கமே நடக்காது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2011-இல் ஸ்காட்லாந்தின் அமில மண்ணிலிருந்து, அமிலத்தில் மட்டுமே வளரும் நைட்ரோசோடேலியா என்ற ஆர்க்கியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அமிலத்துக்கென்றே பழகிய குடிகள் ஏற்கெனவே மண்ணில் இருக்கின்றன என்ற செய்தி, ஹப்பர்ட் புரூக் முடிவுகளைப் படிக்கும்போது கைகொடுக்கும்.

ஹப்பர்ட் புரூக்கின் மண் அமில மழைக்கு முன்பே இயல்பாக அமிலமானது. பனிப்பாறை விட்டுப்போன படிவின்மேல் உருவான போட்சால் என்ற அமில மண்வகை. சர்க்கரை மேப்பிள், பீச், மஞ்சள் பிர்ச் மரங்களின் சருகு அதன்மேல் தடித்த அடுக்காகக் கிடக்கிறது. மேலே பாதி மக்கிய சருகு, அதற்குக் கீழே கறுத்த மக்கு, அதற்கும் கீழே தாதுமண். இந்த அடுக்குகளைக் கலந்து ஒரே மாதிரியாக எடுத்து அளந்தால் இனி சொல்லப்போகும் எதுவும் கண்ணில் படாது.

1999: மலைமேல் கல்மழை

கால்சியம் போனதுதான் காட்டின் தளர்ச்சிக்குக் காரணம் என்றால், அதைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதானே? 1999 அக்டோபரில், 11.8 ஹெக்டேர் பரப்புள்ள முதலாம் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் ஹெலிகாப்டரிலிருந்து வொல்லாஸ்டோனைட்டைத் தூவினார்கள். இது கால்சியம் சிலிகேட் தாது. பொடியாக்கிக் குருணையாகத் திரட்டியிருந்தார்கள். ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் கால்சியம். அமில மழை எடுத்துக்கொண்டு போனதாகக் கணக்கிட்ட அளவை ஈடுகட்டுவதே நோக்கம்.

சாதாரணச் சுண்ணாம்பைத் தவிர்த்தது சரியான முடிவு என்பேன். சுண்ணாம்புக்கல் சட்டென்று கரைந்து கார அமில நிலையைத் தூக்கி அடிக்கும், கார்பனேட்டையும் கொண்டுவரும். அந்தக் கார்பன், நுண்ணுயிர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடோடு குழம்பும். சிலிகேட் நிதானமாகக் கரைகிறது, பாறை இயல்பாகக் கரைவதைப் போன்றது. அருகிலுள்ள பகுதிகளை ஒப்பீட்டுக்காகத் தொடாமல் விட்டார்கள். தூவுவதற்கு முந்தைய அளவீடுகளும் கையில் இருந்தன. இந்த இரண்டும் இல்லாத சுண்ணாம்புச் சோதனைகள் உலகில் நிறைய உண்டு. அவற்றின் முடிவுகளை நான் பாதிதான் நம்புவேன், ஏனென்றால் ஒப்பீட்டுக் காடும் சும்மா இருப்பதில்லை. ஹப்பர்ட் புரூக்கில் தொடாத பகுதிகளின் ஓடைகளில்கூட 1970-களுக்குப் பிறகு நைட்ரேட் தானாகவே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

முதல் திருப்பம்

நுண்ணுயிர் அளவீடுகளுக்குப் பீட்டர் கிராஃப்மன் தலைமை தாங்கினார். மண்ணில் நுண்ணுயிர் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கூறு மண்ணைக் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்து உள்ளிருக்கும் உயிர்களைக் கொல்வார்கள். பிறகு கொஞ்சம் புது மண்ணைக் கலந்து மூடி வைப்பார்கள். செத்தவற்றைப் புதியவை தின்று விடும் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும், வெளிவரும் நைட்ரஜனிலிருந்தும் முன்பு எவ்வளவு உயிர் இருந்தது என்று கணிப்பார்கள். முரட்டு முறைதான். ஆனால் ஒரே ஆய்வகம் ஆண்டாண்டாக ஒரே விதமாகச் செய்தால் ஒப்பிடுவதற்கு நம்பத்தக்கது.

எதிர்பார்ப்பு தெளிவாக இருந்தது: அமிலம் தணியும், பாக்டீரியாக்கள் செழிக்கும், சருகு வேகமாக மக்கும், நைட்ரஜன் சுழற்சி முடுக்கிவிடப்படும். 2000-க்குள் மேலடுக்கில் கார அமில நிலை ஒரு முழு எண் ஏறியது. 2002-க்குள் அதற்கடுத்த மக்கு அடுக்கில் அரை எண்ணை நெருங்கியது. வேதியியல் சொன்னபடி கேட்டது. உயிரியல் கேட்கவில்லை. மேலடுக்கில் நுண்ணுயிர்களின் உடலில் இருந்த நைட்ரஜன் குறைந்தது. கரிம நைட்ரஜனை அம்மோனியமாக்கும் வேகம் குறைந்தது. மண்ணில் கிடந்த அம்மோனியமும் நைட்ரேட்டும் சேர்ந்து குறைந்தன. எல்லாம் கூட்டினால் ஹெக்டேருக்குச் சுமார் 10 கிலோ நைட்ரஜன் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தது. ஓடைக்கும் போகவில்லை, பெரிய மரங்களின் இலைக்கும் ஏறவில்லை. 2006-இல் வெளிவந்த கட்டுரை இந்த முடிவை மழுப்பாமல் முன்வைத்தது.

ஏன் இப்படி? மூன்று விளக்கங்கள் பொருந்திவருகின்றன. ஒன்று, இந்த மண் இயல்பிலேயே அமிலம். அங்கே வாழ்பவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதற்குப் பழகியவை. திடீரென நிலை மாறினால் அதை அவை வரமாக எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு, நுண்ணுயிர்களைக் கட்டிப்போட்டிருந்தது அமிலமாக இல்லாமல் பாஸ்பரஸ் பற்றாக்குறை போன்ற வேறொன்றாக இருக்கலாம். எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது மூன்றாவது: இரண்டு மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனி, கரைந்து மிதக்கும் கரிமப் பொருட்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்கும். எளிதில் தின்னக்கூடிய உணவு, எட்டாத உணவாகிவிடும். மரத்துக்குப் போட்ட சத்தே நுண்ணுயிரின் சாப்பாட்டைப் பூட்டி வைத்தது.

அதே காலத்தில், அதே சரிவில், வேறோர் இனம் நேரெதிராக நடந்துகொண்டது. சர்க்கரை மேப்பிள் நாற்றுகளின் வேர்களில், தொடாத பகுதியில் வேர்நீளத்தில் 4.4 சதவீதத்தில்தான் வேர்ப்பூஞ்சை குடியேறியிருந்தது. கால்சியம் பெற்ற பகுதியில் அது 22.4 சதவீதம். வேருக்குப் பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சை இது. ஆக, ‘நுண்ணுயிர்கள் கூடினவா, குறைந்தனவா?’ என்ற கேள்விக்கு இந்தக் காட்டில் ஒற்றை விடை கிடையாது. மக்கவைக்கும் கூட்டம் தளர்ந்தது, மரத்தோடு உறவாடும் கூட்டம் ஓங்கியது. 2006-இல் எடுத்த மண்ணில் மரபணு முறையில் பாக்டீரியாக்களைப் பார்த்தவர்களும், இரண்டு பகுதிகளின் குடிகள் வேறுபட்டிருப்பதைக் கண்டார்கள். அங்கே கால்சியமும் பாஸ்பரஸும் கூடி, அலுமினியம் குறைந்திருந்தது.

மரங்களைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 2003 குளிர்காலத்தில் சிவப்பு ஸ்புரூஸ் மரங்கள் உறைபனிக்குக் கருகியபோது, கால்சியம் கிடைத்தவை குறைவாகவே அடிபட்டன. 2014-இல் வெளிவந்த கணக்குப்படி அந்தப் பகுதியில் மர வளர்ச்சி 21 சதவீதமும் இலை உற்பத்தி 11 சதவீதமும் கூடியிருந்தன. அங்கேயே ஆய்வை முடித்திருந்தால், ‘அமில மழையின் காயம் ஆறியது’ என்று பத்திரிகைகள் எழுதியிருக்கும்.

இரண்டாம் திருப்பம்

தூவிப் பத்தாண்டு கடந்தபின் ஓடைநீரில் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. 2013-இல் கால்சியம் பெற்ற பகுதியிலிருந்து வெளியேறிய கனிம நைட்ரஜன், பக்கத்திலிருக்கும் தொடாத பகுதிகளைவிட 30 மடங்கு. 1998 ஜனவரியில் பனிக்கட்டிப் புயல் வந்து கிளைகளை முறித்துப்போட்ட பிறகு ஏற்பட்ட நைட்ரஜன் இழப்புக்கு இது ஈடாகவும், சில சமயம் அதைத் தாண்டியும் இருந்தது. மரம் ஒன்றும் விழவில்லை, தீ இல்லை, வெட்டு இல்லை. நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்த காடு, நைட்ரஜனைக் கக்கும் காடானது. எம்மா ரோசி, எமிலி பெர்ன்ஹார்ட், பூசோ, டிரிஸ்கால், லைக்கன்ஸ் ஆகியோர் 2016-இல் இதை வெளியிட்டார்கள்.

இத்தனை தாமதம் எதனால்? கால்சியம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்குகிறது. மேலடுக்கில் கார அமில நிலை ஏறியது முதல் ஆண்டிலேயே. கறுத்த மக்கின் அடுக்குக்குள் அது புகச் சில ஆண்டு, தாதுமண்ணுக்கு இன்னும் பல ஆண்டு. கறுத்த மக்கில்தான் பல பத்தாண்டுக் கார்பனும் நைட்ரஜனும் குவிந்து கிடந்தன. அமிலம் இறங்கியதும் அந்தக் கரிமப் பொருள் கரைவது எளிதாகிறது, நைட்ரேட்டாக்கிகளுக்கு அம்மோனியா எட்டுகிறது. இன்னொரு பக்கம், சத்து எளிதாகக் கிடைத்த மரங்கள் நுண்வேர்களைக் குறைத்துக்கொண்டன. இதையும் அதே சரிவில் அளந்து 2016-இல் எழுதியிருக்கிறார்கள். வேர் குறைந்தால் வெளிவரும் நைட்ரஜனைப் பிடிக்கும் வலையும் சுருங்கும். இவற்றில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரிப்பது கடினம். ரோசியின் குழுவும் ஒரே காரணத்தைக் கைகாட்டாமல் பல வழிகளைத் திறந்துவைத்தது.

கால்சியத்தையும் கார அமில நிலையையும் பிரித்துப் பார்த்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. காட்டில் இரண்டும் ஒன்றாகவே ஏறின, எது எதைச் செய்தது என்று தெரியாது. ரிச்சர்ட் மரினோஸும் பெர்ன்ஹார்ட்டும் இரண்டையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பது தெரிந்தது. கார அமில நிலை ஏறினால் கரிமப் பொருள் கரையும், நுண்ணுயிரின் சுவாசம் கூடும். கால்சியம் ஏறினால் கரிமப் பொருள் பிணையும், சுவாசம் அடங்கும். முதல் ஆண்டுகளின் அடக்கமும் பின்னாளின் பெருக்கும் ஒரே மருந்தின் இரு கைகள் என்று பார்த்தால், முரண்போலத் தோன்றியது முரணில்லை. 2018-இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை இன்னொரு கணக்கையும் வைத்தது: உயர்ந்த கார அமில நிலையால் மண் இழந்த கார்பன், மரங்கள் கூடுதலாகச் சேர்த்த கார்பனைச் சரிக்கட்டிவிட்டது. மரத்தின் சுற்றளவை மட்டும் அளந்தவருக்கு இது வெற்றிக் காடு, மண்ணைத் தோண்டியவருக்கு வரவும் செலவும் சமம்.

மற்ற இடங்களோடு வைத்துப் பார்த்தால்

நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளில், வுட்ஸ் லேக் ஏரிக்கரைக் காட்டில் 1989-இல் சுண்ணாம்பு போட்டார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது மண்ணின் மேலடுக்குகளில் கார்பனும் நைட்ரஜனும் கூடியிருந்தன, நுண்ணுயிர்ச் சுவாசம் தணிந்திருந்தது. ஹப்பர்ட் புரூக்கின் முதல் திருப்பம் அங்கே இருபது ஆண்டாக நீடித்தது போல. ஜெர்மனியின் பவேரியாவில் ஹோக்ல்வால்ட் ஸ்புரூஸ் காட்டில் 1984-இல் ஹெக்டேருக்கு 4 டன் டோலமைட் சுண்ணாம்பு போட்டபோது மக்கு வேகமாகச் சிதைந்தது, மண்புழுக்கள் பெருகின, நைட்ரேட் கசிந்தது. காற்றிலிருந்து ஏற்கெனவே நைட்ரஜன் நிறைய விழுந்து திகட்டிப்போயிருந்த காடு அது. ஏறக்குறைய ஒரே மருந்து, மூன்று காடுகள், மூன்று விதமான பதில்.

எதிர்த்திசைச் சோதனையும் நடந்திருக்கிறது. தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில் டிங்ஹூஷான் காப்புக்காட்டில் 2009 முதல், கார அமில நிலை 4.0, 3.5, 3.0 என்று அமிலமாக்கிய நீரை மண்ணில் தெளித்துவந்தார்கள். அமிலம் கூடக்கூட முதிர்ந்த காட்டின் மண் சுவாசமும் நுண்ணுயிர்களின் அளவும் இறங்கின, மக்காத கார்பன் மண்ணில் சேர்ந்தது. அமில மழை பெய்துகொண்டிருந்த பத்தாண்டுகளில் ஹப்பர்ட் புரூக்கிலும் இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால், 2010-க்குப் பிறகு ஓடையில் வந்தது பழைய சேமிப்பு கரைந்து வெளியேறியதே. இது என் வாசிப்பு. ஆனால் அடுக்குகளின் வரிசையும் காலத் தாமதமும் இதற்கு ஒத்துழைக்கின்றன.

நடைமுறையில் இதன் பொருள்

ஹெலிகாப்டர் வராத காடுகளிலும் இப்போது அமிலம் தணிந்து வருகிறது. வடகிழக்கு அமெரிக்காவிலும் கிழக்குக் கனடாவிலும் 27 இடங்களில் மண்ணை மறுபடி எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மேலடுக்கில் அலுமினியம் குறைந்து கார அமில நிலை ஏறத் தொடங்கியிருப்பது தெரிந்தது. அடியிலுள்ள தாதுமண் இன்னும் தேறவில்லை. அதாவது கார அமில நிலை ஏறுகிறது, ஆனால் இழந்த கால்சியம் அதே அளவுக்குத் திரும்பவில்லை. கரிமப் பொருளைக் கரைக்கும் கை வலுக்கிறது, பிணைக்கும் கை வலுவாக இல்லை. ஹப்பர்ட் புரூக்கில் கால்சியம் ஆரம்பத்தில் போட்ட தடை இந்தக் காடுகளில் இருக்காது என்பதால், மேலடுக்கின் மக்கு இங்கே இன்னும் எளிதாகக் கரையக்கூடும் என்றே நினைக்கிறேன்.

இந்தக் காடுகளைக் கண்காணிப்பவர்களிடம் எனக்கு இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு. சருகு, மக்கு, தாதுமண் மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மூன்றாண்டு நிதியோடு கடையைக் கட்டக் கூடாது. 2002-இல் ஹப்பர்ட் புரூக்கை மூடியிருந்தால், கால்சியம் நுண்ணுயிரை அடக்குகிறது என்பதோடு முடிவுரை எழுதியிருப்பார்கள். 2009-இல் மூடியிருந்தால், நைட்ரஜன் இழப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். இரண்டு முடிவுரைக்கும் ஆதாரமாகக் காட்ட, கையில் நேர்மையான தரவுகளும் இருந்திருக்கும்.